மரமும் கனியும்: திருகோணமலைத் துறைமுகமும் ஒரு பொருளியற் பேராசிரியரும்

பொருளியல் அறிஞருக்குக் குரல்கள் இரண்டு. ஒன்று ஆய்வேட்டில் ஒலிப்பது. மற்றையது பொதுமேடையில் ஒலிப்பது. ஆய்வேட்டின் குரல் அடக்கமானது. "ஏனைய காரணிகள் மாறாதிருப்பின்", "கிடைக்கும் தரவுகள் நம்பத்தக்கனவாயின்" என்றவாறு தனக்குத் தானே வேலியிட்டுக்கொண்டு பேசுவது. சக ஆய்வாளர் மறுப்பெழுதினால் மீண்டும் கணக்குப் பார்ப்பது. பொதுமேடைக் குரலுக்கோ அத்தகைய வேலி இல்லை. ஓர் உவமை, ஒரு வாக்கியம், ஒரு நாளிதழின் தலைப்பு ஆகியவற்றின்மேல் ஏறி, அமைச்சரவைக்கும் சந்தைக்கும் ஒரே மாலைப்பொழுதில் அது சென்று சேர்ந்துவிடுகின்றது. ஆய்வேட்டை வாசிப்போர் மிகச் சிலர். உவமையை நினைவில் வைத்திருப்போர் மிகப் பலர். இவ்விரு குரல்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கல்வியுலகின் உள்விவகாரமென ஒதுக்கிவிட இயலாது. அத்தூரத்துக்கான விலையைச் செலுத்துவோர், பெரும்பாலும், அவ்விரண்டில் எதனையும் வாசித்திராத மக்களேயாவர்.

இலங்கையின் உணவுப் பங்கீடு பற்றிப் பொருளியற் பேராசிரியர்கள் பேசியவற்றையும் ஆராய்ந்து எழுதியவற்றையும் அருகருகே வைத்து நோக்குவதற்குத் திருகோணமலைத் துறைமுகத்தைப் போலப் பொருத்தமான இடம் அரிது எனலாம். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென இது போற்றப்பட்டு வந்துள்ளது. ஆயினும் அப்போற்றுதல் பெரும்பாலும் போர்க்கப்பல்களின் தேவையிலிருந்து எழுந்ததேயன்றிச் சுற்றியுள்ள குடிகளின் தேவையிலிருந்து எழுந்ததன்று. பிரித்தானியக் கடற்படை இங்கே எண்ணெய்த் தாங்கிகளை நிறுவிற்று. 1957 ஒக்டோபரிலே தளத்தைக் கையளித்துவிட்டுச் சென்றது. தாங்கிகள் காட்டினுள்ளே நின்றன. பின்னர், 1980 இல், துறைமுகத்தின் சீனன்குடாக் கரையிலே சிங்கப்பூரைச் சேர்ந்த பிறீமா நிறுவனத்தின் மாவாலை இயங்கத் தொடங்கிற்று. ஒரே இடத்தில் அமைந்த மாவாலைகளுள் உலகின் மிகப் பெரியனவற்றோடு வைத்து எண்ணப்படும் ஆலை அது. பெருங்கடல் கடந்துவரும் கோதுமை அங்கே இறங்கி மாவாகி, நாடெங்குமுள்ள பேக்கரிகளுக்குப் பாணாகச் செல்கின்றது.

அவ்வாலையைக் கடந்து கண்டி வீதியிற் சில மைல் சென்றால் தம்பலகாமத்து வயல்கள் தோன்றும். கந்தளாய்க் குளத்து நீரிலே பன்னூறாண்டுகளாக நெல் விளைந்த நிலம் அது. ஒருபுறம் கடல்வழி வந்த கோதுமை; மறுபுறம் குளத்துநீரில் விளைந்த நெல். இரண்டுக்கும் நடுவே, கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் நகரிலிருந்தும் நாட்கூலி தேடிப் புறப்படும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும். நெல்லும் கோதுமையும் இவ்வளவு அருகில் இருந்தும் அம்மனிதரின் வீட்டு அடுப்பு எரிவதற்கு உத்தரவாதம் யாது என்ற வினாவே பேராசிரியர் அமர்த்தியா சென் அவர்களின் வாழ்நாள் ஆய்வுக்கு மூலமாயிற்று. அவர் அவ்வினாவை முதலிற் சந்தித்த இடம் திருகோணமலையன்று, வங்காளம். எனினும் இரு இடங்களையும் ஒரே போர் பிணைத்திருந்தது.

1942 மார்ச்சிலே இரங்கூன் வீழ்ந்தது. அதனோடு இலங்கைக்கும் வங்காளத்துக்கும் வந்துகொண்டிருந்த பர்மிய அரிசி நின்றது. அடுத்த மாதம், ஏப்ரல் 9 ஆம் நாள், யப்பானிய விமானங்கள் திருகோணமலை மீது குண்டு பொழிந்தன. தேவையான அரிசியிற் பெரும்பகுதியைக் கடல்வழியே பெற்றுவந்த இத்தீவு பட்டினியின் விளிம்பில் நின்றது என்றால் மிகையன்று. அந்நிலையில் அரசாங்கம் அரிசிப் பங்கீட்டை நடைமுறைப்படுத்திற்று. உணவு ஆணையாளராகப் பொறுப்பேற்ற ஒலிவர் குணதிலக்கவின் நிருவாகத்தில், கூப்பன் அட்டை வீடுதோறும் சென்றது. அரிசி போதாத இடத்தைக் கோதுமை மா நிரப்பிற்று. பிற்காலத்தில் "அமெரிக்கன் மா" என்ற பெயரோடு தமிழர் அடுக்களையிற் புட்டாகவும் ரொட்டியாகவும் நிலைபெற்ற பொருள் அதுவே. துன்பம் இருந்தது, ஆனால் இத்தீவிற் பெரும்பஞ்சம் தோன்றவில்லை.

வங்காளத்திலோ 1943 இலே பெரும்பஞ்சம் தோன்றிற்று. ஏறத்தாழ 30 இலட்சம் மக்கள் மாண்டனர் என்பது சென்னின் மதிப்பீடு. சாந்திநிகேதனத்தில் அப்போது அவர் பத்து வயதும் நிரம்பாத சிறுவன். பசியோடு வீதியிற் செல்வோருக்குக் கொடுப்பதற்கு அவருடைய பாட்டனார், குடும்பத்துக்கு ஒரு சிகரட் தகரப்பேணி அரிசி என்று அளவிட்டு அனுமதித்தார் எனச் சென் பின்னாளிற் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். பாற்பேணியால் அரிசி அளந்து அதனைச் "சுண்டு" என வழங்கும் ஈழத்தவருக்கு அப்பேணியின் அளவை விளக்கவேண்டுவதில்லை. ஒரு குடும்பத்தின் பசிக்கு அது எவ்வளவு சிறிதென்பதும் அவர்கள் அறிந்ததே.

அச்சிறுவன் பேராசிரியரான பின்னர், 1981 இலே, வறுமையையும் பஞ்சங்களையும் பற்றிய தமது நூலை வெளியிட்டார். 1943 இல் வங்காளத்திலிருந்த உணவின் அளவு முந்திய ஐந்தாண்டுச் சராசரியிலும் ஏறத்தாழ 5 வீதமே குறைவாயிருந்தது என்றும், பஞ்சமேதும் தோன்றாத 1941 ஆம் ஆண்டினும் அது கூடுதலாகவே இருந்தது என்றும் அவர் கணக்கிட்டுக் காட்டினார். அவ்வாறாயின் மக்கள் மாண்டது எதனால்? உணவு நாட்டில் இருப்பது வேறு. அதனைப் பெறும் உரித்து ஒருவனுக்கு இருப்பது வேறு என்பது அவர் கண்ட விடை. போர்ச் செலவினால் விலை ஏறியபோது கல்கத்தாவின் தொழிற்சாலை ஊழியருக்கு மலிவு விலைப் பங்கீடு இருந்தது; நாட்டுப்புறத்துக் கூலிவிவசாயிக்கும் மீனவனுக்கும் அது இல்லை. கூலியின் பெறுமதி தேய, மீனின் பெறுமதி தேய, அவர்கள் நெற்களஞ்சியங்களின் அருகிலேயே மடிந்தனர். சென்னின் தரவுகளைக் கேள்விக்குள்ளாக்கிய ஆய்வாளரும் உளர். எனினும் பஞ்சத்தை மழையின் குற்றமாக மட்டும் கருதும் வழக்கம் அந்நூலின் பின்னர் நீடிக்க முடியவில்லை.

இனி இலங்கைக்கு வருவோம். போர் முடிந்தபின்னும் பங்கீடு தொடர்ந்தது. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. அரச வைத்தியசாலைகள் விரிந்தன. 1946 முதல் டி.டி.ரி. தெளிப்பு மலேரியாவை ஒடுக்கத் தொடங்கிற்று. 1946 இல் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டிலேயே ஏறத்தாழ 14 ஆக வீழ்ந்தது. மலேரியாவின் கொடுமையை அதிகம் அனுபவித்த உலர்வலயத்துக்கு, திருகோணமலை போன்ற மாவட்டங்களுக்கு, இவ்வீழ்ச்சி புள்ளிவிபரத்துக்கு அப்பாற்பட்ட விடயம். பிள்ளைகள் உயிர் தப்பினர் என்பதே அதன் பொருள்.

ஆனால் இவை அனைத்துக்கும் பணம் வேண்டும். தேயிலையும் இறப்பரும் தெங்கும் ஈட்டிய அந்நியச் செலாவணியிலேயே அரிசி வாங்கப்பட்டது. 1953 இல், நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் வரவுசெலவுத் திட்டத்தின் கீழ், 25 சதமாயிருந்த ஒரு கொத்துப் பங்கீட்டரிசியின் விலை 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12 ஆம் நாள் ஹர்த்தால் வெடித்தது, உயிர்கள் பலியாகின, ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அதன்பின் நெடுங்காலம் எந்த அரசாங்கமும் அரிசியை அச்சமின்றித் தொட்டதில்லை.

இப்பின்னணியிலேதான், தேசியத் திட்டமிடற் சபையின் அழைப்பின்பேரில் உலகப் புகழ்பெற்ற பொருளியலாளர்கள் பலர் 1950களின் இறுதியிற் கொழும்புக்கு வந்தனர். ஹிக்ஸ், கல்டோர், மிர்டால், கல்பிரெய்த், ஜோன் றொபின்சன் ஆகியோர் எழுதிய கட்டுரைகள் 1959 இலே தொகுப்பாக வெளிவந்தன. கல்டோரின் ஆலோசனையால் செலவு வரி என்னும் புதுமையான வரியும் இந்நாட்டிற் சிலகாலம் நடைமுறையிலிருந்தது. இன்று அத்தொகுப்பைத் தேடி வாசிப்போர் அரியர். ஆனால் கேம்பிரிட்ஜ் அறிஞராகிய ஜோன் றொபின்சன் அம்மையார் கூறிய ஓர் உவமை மட்டும் இன்றளவும் வாழ்கின்றது. இலங்கை மரத்தை நடுவதற்கு முன்னரே கனியைச் சுவைத்துவிட்டது என்ற பொருளில் அமைந்தது அது. நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் விரிவுரை மண்டபங்களிலும் அவ்வுவமை எத்தனை முறை எடுத்தாளப்பட்டது என்பதற்குக் கணக்கில்லை. அரிசி மானியத்தைக் குறைக்க விரும்பிய ஒவ்வொருவருக்கும் அது கைவாளாக உதவிற்று.

அவ்வம்மையாரை நகர வாசனையன்றி வேறறியாத செல்வச் சீமாட்டியெனக் கருதிவிடலாகாது. இடதுசாரிச் சிந்தனையாளர், ஏழை நாடுகள்பால் உண்மையான பரிவு கொண்டவர். அவருடைய ஐயத்திலும் உண்மை இருந்தது. தேயிலையை நம்பிய பொருளாதாரம், பெருகிவரும் குடித்தொகைக்கு வேலை கொடுக்கவில்லை. 1960களில் ஏற்றுமதி விலைகள் தளர்ந்தபோது அந்நியச் செலாவணி நெருக்கடி மூண்டது. இலவசக் கல்வி பெற்ற இளைஞர் வேலையின்றி நின்றதன் ஒரு விளைவே 1971 இன் கிளர்ச்சி எனப் பலரும் எழுதியுள்ளனர். மரம் நடப்படவில்லை என்ற குற்றச்சாட்டு முற்றிலும் பொய்யன்று. அக்குற்றச்சாட்டுக்குரியோர் எவர் என்பதிலேதான் உவமை வழிதவறிற்று. மரம் நடாதவர் ஆட்சியாளரும் மூலதனமுடையோரும். கனியைக் கைவிடுமாறு கேட்கப்பட்டவரோ கூப்பன் அட்டையை ஏந்தி நின்றவர். உவமைக்குள்ளே வகுப்பும் இல்லை, மாவட்டமும் இல்லை. "இலங்கை" என்ற ஒரே ஆள் நின்று கனி தின்பது போன்ற தோற்றம் மட்டும் இருந்தது.

றொபின்சன் அம்மையாரின் மேற்பார்வையிலே கேம்பிரிட்ஜிற் கலாநிதிப் பட்ட ஆய்வை மேற்கொண்ட மாணவர்களுள் ஒருவர் அமர்த்தியா சென். முதலிற் பொருளாதார வளர்ச்சி, பின்னரே கல்வியும் சுகாதாரமும் என்ற ஆசிரியையின் வரிசைமுறையை அம்மாணவர் ஏற்கவில்லை. 2021 இல் வெளிவந்த தமது நினைவு நூலிலும் அக்கருத்து வேறுபாட்டை அவர் மறைக்கவில்லை. எனினும் உவமைக்கு எதிராக இன்னோர் உவமையைக் கூறி அவர் மறுக்க முயலவில்லை. ஏறத்தாழ இரு பத்தாண்டுகளின் பின், ஒக்ஸ்போர்டிற் பேராசிரியராக இருந்தபோது, கணக்கினால் மறுத்தார். அதுவே ஈண்டு கவனிக்கத்தக்கது.

1981 இல் வெளிவந்த அக்கட்டுரை, பொது நடவடிக்கையினால் ஏழை நாடொன்று தன் மக்களின் வாழ்க்கைத் தரத்தை எவ்வளவு உயர்த்தலாம் என்பதை ஆராய்ந்தது. 1980 இல் இலங்கையரின் தலைக்குரிய வருமானம் ஏறத்தாழ 270 டொலர். ஆயுள் எதிர்பார்ப்போ 66 ஆண்டுகள். இதனினும் பன்மடங்கு வருமானமுடைய நாடுகள் பலவற்றில் மக்கள் இதனினும் குறைந்த வயதிலேயே இறந்தனர். மற்றைய வளர்முக நாடுகளைப் போல வருமான வளர்ச்சியை மட்டும் நம்பி இலங்கை இந்த ஆயுளை எட்ட முயன்றிருந்தால் எத்தனை ஆண்டுகள் சென்றிருக்கும் எனச் சென் கணக்கிட்டார். எடுகோள்களுக்கேற்ப 58 முதல் 152 ஆண்டுகள் வரை என்பது விடை. இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள பெரிய இடைவெளியே ஆய்வின் நேர்மைக்குச் சான்று. பொதுமேடையாயின் 152 என்ற எண் மட்டுமே ஒலித்திருக்கும்.

இக்கணக்கு எதிர்ப்பின்றி ஏற்கப்படவுமில்லை. உலக வங்கியோடு தொடர்புடைய சுர்ஜித் பல்லா, 1960 ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு நோக்கினால் அதன் பின்னரான இலங்கையின் முன்னேற்றம் பெரிதும் வியக்கத்தக்கதன்று என வாதிட்டார். 1986 இற் போல் கிளூவே என்பாரோடு இணைந்தும் அவ்வாறே எழுதினார். சென் அளித்த மறுமொழி எளியது: பெரும்பாய்ச்சல் நிகழ்ந்தது 1960 க்கு முன்னர், பயிர் அறுவடையான பின்னர் வயலை அளந்துவிட்டு விளைவில்லை என்பது முறையன்று என்பதே அதன் சாரம். சுதிர் ஆனந்தும் ரவி கன்பூரும் பல்லாண்டுத் தரவுகளை ஆராய்ந்தபோது, சிசு மரண வீழ்ச்சியிற் சுகாதாரச் செலவின் பங்கே தெளிவாகத் தென்பட்டது. அரிசி மானியத்தின் பங்கு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. இவ்வாறாக ஒரு தசாப்தம் முழுவதும் அறிஞர்கள் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டனர். எந்த ஆண்டிலிருந்து அளப்பது, எந்தச் செலவை எதனோடு ஒப்பிடுவது என்பவை வெறும் நுணுக்கங்கள் போலத் தோன்றலாம். ஒரு நாட்டின் கடந்தகாலம் வீண்செலவா, விவேகமா என்ற தீர்ப்பு அந்நுணுக்கங்களிலேயே தங்கியிருந்தது.

ஆனால் வாதம் முடியும் வரை ஆட்சி காத்திருக்கவில்லை. சென்னின் கட்டுரை அச்சேறுவதற்கு முன்னரே இலங்கையிற் தீர்ப்பு வழங்கப்பட்டுவிட்டது. 1953 இல் நிதியமைச்சராயிருந்து பின்வாங்க நேர்ந்த அதே ஜயவர்த்தனா, 1978 இற் சனாதிபதியானார். அவ்வாண்டிலே பங்கீட்டரிசி மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கென மட்டுப்படுத்தப்பட்டது. 1979 செப்டெம்பரிலே பங்கீடு முற்றாக நீக்கப்பட்டு உணவு முத்திரை வந்தது. முத்திரையின் பெறுமதி ரூபாவில் நிலையாக எழுதப்பட்டிருந்தது. விலைகளோ நிலையாக நிற்கவில்லை. சில ஆண்டுகளிலேயே அதன் உண்மைப் பெறுமதி ஏறத்தாழ அரைவாசியாயிற்று. மிக வறிய ஐந்திலொரு பங்கினரின் கலோரி நுகர்வு அக்காலத்திற் குறைந்தது என்பதை நெவில் எதிரிசிங்க 1987 இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று.

அதே ஆண்டுகளிலேயே சீனன்குடாவில் மாவாலை எழுந்தது என்பது கருதத்தக்கது. கூப்பன் அரிசி மறைந்தது, பாண் பெருகிற்று. ஆலை பலருக்குத் தொழில் தந்தது, நாட்டுக்கு மாவைத் தந்தது, அதில் ஐயமில்லை. எனினும் தம்பலகாமத்து நெல்லை அண்டை வீடாகக் கொண்ட துறைமுகம், நாட்டின் உணவைக் கடல்கடந்த கோதுமையின் விலையோடு பிணைக்கும் முடிச்சாகவும் மாறிற்று. அம்முடிச்சு இறுகும் நாளில் எவர் கழுத்து நெரியும் என்ற வினாவுக்கு உணவின் மொத்த அளவு விடை சொல்லாது. உரித்துக் கோட்பாடே விடை சொல்லும்.

விடை சொல்லும் நாள் வந்தது. 2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ9 பாதை மூடப்பட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கான உணவுப்பொருள்கள் கப்பல் வழியே அனுப்பப்பட்டன. அக்கப்பல்களின் புறப்பாட்டுத் துறை திருகோணமலை. நாட்டுக்கே மா அரைத்துக் கொடுத்த துறைமுகத்திலிருந்து ஒரு கடற்பயணத் தொலைவில், மாவுக்கும் சீனிக்கும் மக்கள் வரிசையில் நின்றனர், விலைகள் பன்மடங்காயின. துறைமுகத்தின் தென்கரையிலோ மூதூர், சம்பூர் மக்கள் அதே ஆண்டு போரினால் இடம்பெயர்ந்தனர். சம்பூரின் வயல்களும் மனைகளும் உயர்பாதுகாப்பு வலயமாயின. சொந்த நெல்லை உண்டவர் கிளிவெட்டி போன்ற முகாம்களில் நிவாரண மாவை எதிர்பார்த்திருந்தனர். 2015 இலேதான் மீள்குடியேற்றத்தின் வாயில் திறந்தது. பஞ்சம் என்ற பெயரைப் பெறாத இத்தகைய பட்டினிகளை விளங்கிக்கொள்ள, நாட்டின் உணவு இருப்பை எண்ணுவதாற் பயனில்லை. நிலத்துக்கும் பாதைக்கும் கடலுக்கும் உரித்து எவரிடம் இருந்தது எனக் கேட்கவேண்டும்.

சுதந்திரமான பத்திரிகைகளும் எதிர்க்கட்சிகளும் இயங்கும் சனநாயக நாட்டிலே பெரும்பஞ்சம் தோன்றுவதில்லை என்பது சென் பொதுமேடைகளில் அடிக்கடி முன்வைத்த கருத்து. துன்பச் செய்தி வெளியாகும். வெளியானால் ஆட்சி அஞ்சும் என்பது அதன் தருக்கம். இக்கருத்தின் கனத்தைத் திருகோணமலை நன்கறியும். 2006 சனவரி 2 ஆம் நாள் இக்கடற்கரையில் மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். அவர்கள் சுடப்பட்டே இறந்தனர் என்பதைக் காட்டும் படங்களை வெளிக்கொணர்ந்த "சுடர் ஒளி" நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன், மூன்று வாரங்களின் பின், சனவரி 24 ஆம் நாள், இதே நகரிற் சுட்டுக்கொல்லப்பட்டார். செய்தி வெளியானால் ஆட்சி அஞ்சும் என்னும் தருக்கத்துக்குள்ளே, செய்தியை வெளியிடுபவன் உயிரோடிருப்பான் என்ற ஓர் எடுகோள் மறைந்திருக்கின்றது. ஆய்வேட்டில் அதனை எழுதாமல் விடலாம். இந்நகரில் விட இயலாது.

சராசரிகளைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். இலங்கையின் ஆயுள் எதிர்பார்ப்பு என்ற ஓர் எண்ணுக்குள்ளே பல இலங்கைகள் அடங்கியிருந்தன. 1948, 1949 ஆம் ஆண்டுச் சட்டங்களாற் குடியுரிமையும் வாக்கும் இழந்த மலையகத் தமிழரின் சிசு மரண வீதம் நாட்டின் சராசரியை விட நெடுங்காலம் உயர்ந்தே இருந்தது. 1974 இன் உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டங்களில் இறப்பு வீதம் திடுமென ஏறிற்று. பசியாலும் 1977 இன் வன்செயலாலும் மலையகத்தை விட்டு வந்தவருட் பலர் வவுனியா, திருகோணமலை முதலிய மாவட்டங்களிற் குடியேறினர். சராசரிக்குள் மறைந்திருந்தோர் இவ்வாறு துறைமுகத்தின் பின்னிலத்துக்கும் வந்து சேர்ந்தனர்.

பின்னர் இம்மாவட்டமே சராசரியிலிருந்து நீங்கிற்று. 1981 இன் பின்னர் நாடு முழுவதற்குமான குடிசன மதிப்பு 2012 வரை நடைபெறவில்லை. 1991 இல் அது நடத்தப்படவேயில்லை. 2001 இல் வடகிழக்கின் பெரும்பகுதியில் நிறைவேறவில்லை. 1990/91, 1995/96, 2002 ஆகிய ஆண்டுகளின் வீட்டு வருமான, செலவின ஆய்வுகள் வடக்கையும் கிழக்கையும் தவிர்த்தே நடந்தன. 2006/07 இற் கிழக்கு மாகாணம் மீண்டும் சேர்க்கப்பட்டபோதும் திருகோணமலை மாவட்டம் மட்டும் வட மாகாணத்தோடு சேர்த்து விலக்கப்பட்டது. சம்பூர் மக்கள் முகாமிலிருந்த அதே காலத்தில், இந்நாட்டு வறுமையை அளந்த அட்டவணையில் அவர்களுக்கு ஒரு நிரையும் இல்லை. 1981 இல் ஏறத்தாழ 2 இலட்சத்து 56 ஆயிரமாகவும் 2012 இல் ஏறத்தாழ 3 இலட்சத்து 79 ஆயிரமாகவும் எண்ணப்பட்ட மக்கள், இடைப்பட்ட முப்பதாண்டுகளிற் பெரும்பகுதியைப் பொருளியலாளரின் கண்ணுக்குப் புலப்படாமலே கழித்தனர். அக்காலத்தில் "இலங்கையின் வறுமை குறைந்தது" என மேடையிற் கூறியவர் பொய்யுரைத்தவராகார். ஆனால் அவருடைய அட்டவணையின் கீழே சிறிய எழுத்தில் "வடக்கு, கிழக்கு நீங்கலாக" என்றிருந்தது. மேடையில் அந்தச் சிறிய எழுத்தை எவரும் வாசிப்பதில்லை.

பழைய வாதம் இன்றும் ஓயவில்லை. 2013 இலே இந்தியாவை முன்னிறுத்திச் சென்னுக்கும் பேராசிரியர் ஜகதீஷ் பகவதிக்குமிடையே எழுந்த பகிரங்க விவாதம், வளர்ச்சி முதலா, மக்கள் நலன் முதலா என்ற அதே வினாவையே சுற்றிற்று. இலங்கையிலோ அது நூல்களை விட்டு வீதிக்கே வந்தது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது விவசாயபீடப் பேராசிரியர்கள் பலர் எச்சரித்தனர், கேட்பாரில்லை. நெல்விளைவு வீழ்ந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அரசாங்கம் அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் ஏறத்தாழ 95 வீதத்தைத் தொட்டது. நெல்லும் கோதுமையும் ஒருங்கே கைவிட்ட ஆண்டு அது. 2023 இல் "அஸ்வெசும" என்னும் நலன்புரித் திட்டம், தகுதியுடையோரைத் தெரிந்தெடுத்து உதவும் முறையில் வந்தது. அவ்வாறு தெரிந்தெடுக்கும் முறையிலே தகவற் பிழையும் நிருவாகச் செலவும் பெறுவோரின் மானக்குறைவும் மறைந்திருக்கும் எனச் சென் முன்னரே எழுதியிருந்தார். 1979 இன் உணவு முத்திரையை அறிந்த முதியோருக்கு இதில் எதுவும் புதிதாகத் தோன்றியிராது.

றொபின்சன் அம்மையாரின் உவமைக்கு ஈழத்துப் பனையே தக்க மறுமொழி எனத் தோன்றுகின்றது. பனை நட்டவன் அதன் பழத்தைக் காணப் பல்லாண்டு காத்திருக்கவேண்டும். ஆதலின் நடுபவன் பேரப்பிள்ளைகளை எண்ணியே நடுகின்றான். அப்பேரப்பிள்ளைகள் பசியால் இறந்துவிட்டால் நட்ட பனையால் எவருக்குப் பயன்? மேலும், நடுவதற்குரிய விதை கிடைப்பது கனியின் உள்ளேதான். உண்ட பிள்ளையே பாடசாலை செல்கின்றது; படித்த பிள்ளையே நாளைய மரத்தை நடுகின்றது. ஆயினும் இதுவும் ஓர் உவமையே. உவமையை உவமையால் வெல்வது எளிது. அத்தோடு நின்றுவிட்டால் பொதுமேடையின் பழைய வழக்கத்தையே பின்பற்றியவராவோம். சென்னிடம் கற்கவேண்டியது அவருடைய முடிவை மட்டுமன்று. கேட்டதும் இனித்த ஒரு வாக்கியத்தை இருபதாண்டு கழித்தேனும் கணக்கெடுத்துச் சோதித்த அந்தப் பொறுமையையுமாகும்.

சோதிக்கவேண்டியவை இம்மாவட்டத்தில் இன்னும் உள்ளன. இந்திய, இலங்கை நிறுவனங்கள் 2022 சனவரியில் எண்ணெய்த் தாங்கிகள் குறித்துப் புதிய ஒப்பந்தம் செய்துகொண்டன. 2025 ஏப்ரலில் இந்தியாவும் இலங்கையும் ஐக்கிய அரபு இராச்சியமும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் உடன்பாட்டில் ஒப்பமிட்டன. சம்பூரிற் சூரியமின் நிலையத்துக்கான தொடக்கமும் அப்போதே நிகழ்ந்தது. மீண்டும் மேடைகள் எழும். மீண்டும் பேராசிரியர்கள் அழைக்கப்படுவர். மரம், கனி, மையம், வாயில் எனப் புதிய உவமைகள் பிறக்கும். அவ்வேளையில் பல்கலைக்கழகப் பொருளியல் மாணவர் செய்யவேண்டியது பெரிய காரியமன்று. துறைமுகத்தில் இறங்கும் கோதுமைக்குத் தொன் கணக்கு நாள்தோறும் எழுதப்படுகின்றது. சீனன்குடாவிலும் கிண்ணியாவிலும் சம்பூரிலும் தம்பலகாமத்திலும் வீடு வீடாகச் சென்று, அன்றைய கூலிக்கு எத்தனை சுண்டு அரிசி, எத்தனை இறாத்தல் பாண் கிடைக்கின்றது என்பதையும் ஒருவர் எழுதிவைக்கட்டும். ஆண்டுதோறும் எழுதிவைக்கட்டும். அந்தக் கணக்குப் புத்தகம் கையிலிருந்தால், அடுத்த முறை மேடையில் "நாடு" என்ற சொல் ஒலிக்கும்போது, அதில் இம்மாவட்டமும் அடங்குமா என எழுந்து கேட்க முடியும்.